படகு வைத்திருப்பவன் பாடு



இங்கிலாந்தில் எனக்குச் சொந்தமாக ஒரு பாய்மரப் படகு உண்டு என்ற செய்தி, நான் விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் எனக்கு முன்னரே காயல்பட்டினம் போய்ச் சேர்ந்துவிடுகின்றது. கேள்விப்படுவோர் இரு வகையினர். ஒரு சாரார், ‘படகு வாங்கும் அளவுக்குச் செல்வம் சேர்ந்துவிட்டதா?’ என்று வியக்கின்றனர். மற்றொரு சாரார், ‘நாளொன்றுக்கு எவ்வளவு மீன் படும்?’ என்று வினவுகின்றனர். மீனும் இல்லை, செல்வமும் இல்லை என்று நான் கூறினால் இரு சாராருமே நம்புவதில்லை. ‘அப்படியானால் எதற்காகத்தான் அந்தப் படகு?’ என்று என் ராத்தா ஒரு முறை கேட்டார்கள். அதற்குச் சுருக்கமான விடை என்னிடம் இல்லை. ஆகவே, சற்று விரிவாகவே சொல்லிவிடலாம் என்று இதனை எழுதுகின்றேன்.

முதலில் செல்வத்தைப் பற்றிய ஐயத்தைத் தீர்த்துவிடுகின்றேன். இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்ஸ்மவுத், கோஸ்போர்ட், சவுத்தாம்ப்டன், ஹாம்பிள் ஆகிய துறைகளில் ஆயிரக்கணக்கான பாய்மரப் படகுகள் கட்டிக் கிடக்கின்றன. அவற்றுள் கோடீசுவரர்களின் படகுகளும் உண்டு. அவற்றைத்தான் படங்களில் நீங்கள் பார்க்கின்றீர்கள். ஆனால் என் படகுக்கு அக்கம்பக்கத்தில் இருப்பவை பள்ளி ஆசிரியர், மின் பணியாளர், செவிலி, ஓய்வு பெற்ற தபால்காரர் போன்றோருடையவை. நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்தவன். 1998-இல் உடன் பணியாற்றிய ஒருவரிடமிருந்து, ஒரு பழைய கார் என்ன விலை போகுமோ அந்த விலைக்கு இந்தப் படகை வாங்கினேன்.

வெஸ்டர்லி செண்டார் என்பது இப்படகு வகையின் பெயர். 26 அடி நீளம். கண்ணாடியிழையால் ஆன உடல். 1969 முதல் 1980 வரை இவ்வகையில் 2,000-க்கும் மேற்பட்ட படகுகள் கட்டப்பட்டன. என்னுடையது 1976-ஆம் ஆண்டுப் பிறவி. உள்ளே நான்கைந்து பேர் நெருக்கியடித்துப் படுக்கலாம்; ஒரு சிறு அடுப்பு, ஒரு கழிவறை, ஒரு டீசல் இயந்திரம் உண்டு. இதன் சிறப்பு யாதெனில், பெரும்பாலான பாய்மரப் படகுகளுக்கு அடியில் ஓர் அடிக்கட்டை (நம் கடற்கரையில் ஏரா என்பர்) இருக்க, இதற்கு இரண்டு உண்டு. அதனால் ஆவதென்ன என்று கேட்பீர்கள். மன்னார் வளைகுடாவில் ஓதம் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. போர்ட்ஸ்மவுத்திலோ, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது ஏறத்தாழ 4 மீட்டர். காலையில் படகு மிதந்த இடத்தில் பிற்பகல் சேறும் நாரைகளுமாக இருக்கும். ஒற்றை அடிக்கட்டைப் படகு அங்கே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்துவிடும். என் படகு இரு காலையும் ஊன்றி நிற்கும் வாத்தைப் போல நிமிர்ந்து நின்று, அடுத்த ஓதம் வரும்வரை பொறுமையாகக் காத்திருக்கும். நீர் எப்போதும் நிற்கும் துறைகளில் வாடகை அதிகம். வற்றிப்போகும் சேற்றுத் துறையில் குறைவு. என் போன்றோர் இவ்வகைப் படகை நாடுவதன் இரகசியம் இதுதான்.

என் பாட்டனார் மர்ஹூம் அவர்கள் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் தோணிகளில் பல ஆண்டுகள் இருந்தவர்கள். இயந்திரமே இல்லாத, பாயை மட்டும் நம்பிய தோணிகள் அவை. கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுகளை உறவினர்களைப் போலப் பெயர் சொல்லி அழைப்பார்கள். மரக்கலத்தோடு பிணைந்த பெயரை உடைய சமூகத்தில் பிறந்தவன் நான்; ஆயினும் பாய் ஏற்றக் கற்றுக்கொண்டது நாற்பது வயதுக்கு மேல், ஓர் ஆங்கிலேய முதியவரிடம். பாட்டனாரின் தோணிக்கும் என் படகுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தோணி வீட்டுக்குச் சோறு போட்டது. என் படகுக்கோ நான் சோறு போடுகின்றேன்.

அது உண்ணும் அளவைக் கேளுங்கள். கடலில் செல்லும் பருவம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. பிறகு கிரேன் கொண்டு படகைத் தூக்கிக் கரையில் முட்டுக் கொடுத்து நிறுத்தவேண்டும். தூக்குவதற்குக் கட்டணம், அழுத்த நீரால் கழுவுவதற்குக் கட்டணம், நிறுத்திவைக்க வாடகை, வசந்தத்தில் திரும்ப இறக்குவதற்கு மீண்டும் கட்டணம். துறையின் ஆண்டு வாடகை படகின் நீளத்தை மீட்டரில் அளந்து வாங்கப்படுகின்றது. எவரேனும் தம் படகு நீளமானது என்று பெருமை பேசினால், நாங்கள் அவருடைய வாடகையை நினைத்து இரக்கப்படுவோம்.

படகைத் தூக்கியதும் அதன் அடிப்பாகம் எப்படி இருக்கும் தெரியுமா? பச்சைப் பாசி தாடியாகத் தொங்கும். இடையிடையே கொட்டலசுகள் சிமெண்ட் வைத்துப் பூசியதைப் போல ஒட்டியிருக்கும். இவை சேர்ந்தால் படகின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். பாட்டனார் காலத்தில் சுண்ணாம்பையும் எண்ணெயையும் குழைத்துத் தோணியின் அடியில் பூசினார்கள். பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடித்தார்கள். இப்போது அந்த இடத்துக்குச் செம்பு கலந்த நஞ்சுப் பூச்சு வந்துள்ளது. சில காலம் வெள்ளீயச் சேர்மம் கலந்த பூச்சொன்று எங்கும் பயன்பட்டது. கொட்டலசு அண்டவே அண்டாது. படகுக்காரர்கள் போற்றிக் கொண்டாடினர். ஆனால் அது கடலில் கரைந்து, சிப்பிகளின் ஓட்டை உருக்குலைத்தது. பெண் நத்தைகளுக்கு ஆணுறுப்பு முளைக்கும் அளவுக்குக் கேடு விளைத்தது. பிரான்ஸ் 1982-இலும், பிரிட்டன் 1987-இலும் சிறு படகுகளுக்கு அதனைத் தடை செய்தன. ஒருவரின் உல்லாசம் நத்தையின் குடும்பம் வரை சென்று தாக்கும் என்று அதற்கு முன் யார் நினைத்தார்கள்!

ஆக, மார்ச் மாதத்துக் குளிரில், முழங்காலிட்டும் மல்லாந்து படுத்தும் படகின் அடியைச் சுரண்டுகின்றவனைத்தான் ‘படகு முதலாளி’ என்று ஊரில் அழைக்கின்றனர். சுரண்டி முடித்தால் பூச்சு. பூச்சு முடிந்தால் துத்தநாகத் துண்டு. உப்பு நீரில் வெவ்வேறு உலோகங்கள் சேர்ந்திருக்கும்போது மின்னோட்டம் உண்டாகி, வலுக்குறைந்த உலோகம் அரிக்கப்படும். உந்து விசிறியும் அதன் தண்டும் அரிக்கப்படாமல் இருக்க, அருகே ஒரு துத்தநாகத் துண்டைப் பொருத்திவிடுவோம். அவற்றுக்குப் பதில் அது கரைந்துபோகும். ஆண்டுதோறும் பாதி கரைந்த துண்டைக் கழற்றிப் புதியதை மாட்டவேண்டும். பிறகு வால்வுகள். படகின் உடலில் நீர்மட்டத்துக்குக் கீழே துளைகள் உண்டு: இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீருக்கு ஒன்று, கழிவறைக்கு இரண்டு, இப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. அதில் ஒன்று முறிந்தால் படகு மூழ்க அதிக நேரம் ஆகாது. ஆதலால் ஒவ்வொரு வால்வின் அருகிலும் அத்துளைக்குப் பொருந்தும் கூர்மையான மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்போம். இத்தனை விஞ்ஞானம் வளர்ந்த பின்னரும் கடைசி நம்பிக்கை ஒரு மரக்கட்டையின் மீதுதான்!

கழிவறையைப் பற்றி ஒரு குடும்ப இதழில் எழுதத்தான் வேண்டுமா என்று தயங்கினேன். ஆனால் படகு வைத்திருப்போர் இருவர் சந்தித்தால் அரை மணி நேரத்துக்குள் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும் என்பதால் விட்டுவிடவும் முடியவில்லை. அதன் குழாய்க்குள் கடல் நீர் சுண்ணாம்பாகப் படிந்து, ஆண்டுக்காண்டு வழி குறுகிக்கொண்டே வரும். குழாயைக் கழற்றிக் கரையில் அடித்து உதிர்ப்பது குடும்பத் தலைவரின் தனி உரிமை. இதில் மட்டும் பங்கு கேட்டு எவரும் வருவதில்லை.

சரி, கடலுக்குப் போவது எப்போது? நியாயமான கேள்விதான். ஐல் ஆஃப் வைட் தீவுக்கும் எங்கள் கரைக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்பை சோலண்ட் என்பர். அங்கே போவதற்கு ஓதம் இடங்கொடுக்கவேண்டும், காற்று இடங்கொடுக்கவேண்டும், வேலையிலிருந்து விடுப்பும், வீட்டிலிருந்து விடையும் கிடைக்கவேண்டும். இந்த நான்கும் ஒரே சனிக்கிழமையில் கூடிவருவது அரிது. காற்றின் வலிமையை 1805-இல் பியூஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரி வகுத்த எண்களால்தான் இன்றும் சொல்கின்றனர். 4-ஆம் எண் என்றால் மணிக்கு 11 முதல் 16 கடல் மைல்; பாய் விரிப்பதற்கு இதைவிட இனிய காற்று வேறில்லை. 6 என்றால் 22 முதல் 27. என் மனைவி கரையிலேயே இருந்துகொள்வார். 8 என்றால் புயல் காற்று; எல்லோரும் கரையில்தான். வெள்ளிக்கிழமை இரவு வானொலியில் கடல் நிலை அறிக்கையில் எங்கள் பகுதியின் பெயர் வரும்போது வீட்டில் யாரும் பேசக்கூடாது. கைப்பேசியில் எல்லாம் வந்துவிட்ட இக்காலத்திலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

சோலண்டின் நடுவே பிராம்பிள் என்றொரு மணல்திட்டு உண்டு. எப்போதும் நீருக்குள் மறைந்திருக்கும். நீர் மிகவும் வற்றும் நாளில் சிறிது நேரம் மட்டும் தலைகாட்டும். ஆண்டுக்கொரு முறை அந்தச் சிறிது நேரத்தில் இரு படகுச் சங்கத்தார் அங்கே இறங்கிக் கிரிக்கெட் ஆடுகின்றனர். ஓதம் ஏறுவதற்குள் ஆட்டத்தை முடித்துக்கொண்டு படகேறிவிடுகின்றனர். வேடிக்கைதான். ஆனால் அதே திட்டில்தான் 2008-ஆம் ஆண்டு நவம்பரில், ஓய்வு பெறுவதற்காகக் கடைசி முறையாக சவுத்தாம்ப்டன் வந்த ‘குயீன் எலிசபெத் 2’ என்ற மாபெரும் கப்பல் தரைதட்டி நின்றது. 2015 ஜனவரியில் கார்கள் ஏற்றிச் சென்ற ‘ஹோக் ஒசாகா’ என்ற கப்பல் சாய்ந்தபோது, அதுவும் அதே திட்டில்தான் தரைதட்டி நின்றது. அத்தனை பெரிய கப்பல்களுக்கே அந்தப் பாடென்றால், 26 அடிப் படகின் கதி என்ன? ஆயினும் ஓர் ஆறுதல். நாங்கள் அங்கே தட்டினால் இரு காலில் நிற்போம்.

இனி, சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகின்றேன். 2019 ஆகஸ்டில் ஒரு மாலை, மகன், மருமகள், அப்போது ஐந்து வயதான பேத்தி ஆகியோருடன் தீவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தின் வாசல் மிகக் குறுகலானது. போர்க்கப்பல்கள், தீவுக்குச் செல்லும் கார்ப் படகுகள், பிரான்சு செல்லும் பெருங்கப்பல்கள் எல்லாம் அதே வாசலில்தான் போகவும் வரவும் வேண்டும். 20 மீட்டருக்குக் குறைந்த படகுகள் மேற்கு ஓரமாகவுள்ள சிறுபடகு வழியில்தான் செல்லவேண்டும். இயந்திரம் உள்ளவை அதனை இயக்கியே கடக்கவேண்டும் என்பது சட்டம். அவ்வாறே இயக்கிக்கொண்டு வாசலை நெருங்கினோம். எங்களுக்குப் பின்னே ஒரு கார்ப் படகு வந்துகொண்டிருந்தது. அப்போது எங்கள் இயந்திரம் இரு முறை இருமியது, நின்றுவிட்டது.

டீசல் தொட்டியின் அடியில் சிறிது நீர் சேர்ந்தாலும், டீசலும் நீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகிக் கருஞ்சளி போன்ற ஒன்று உண்டாகும். தொட்டியை அந்த வசந்தத்தில்தான் சுத்தம் செய்திருந்தோம், வடிகட்டியும் புதியது. எனினும் எங்கோ ஒரு மூலையில் ஒட்டியிருந்தது, அன்றைய அலையின் குலுக்கலில் கிளம்பிவந்து அடைத்துவிட்டது. இதை எல்லாம் பிறகுதான் திறந்து பார்த்து அறிந்தோம். அந்த வேளையில் நாங்கள் அறிந்தது ஒன்றே: சத்தம் நின்றுவிட்டது.

மகன் ஒரு சொல்லும் பேசாமல் முன்பாயை அவிழ்த்து விரித்தான். நான் சுக்கானைப் பிடித்தபடியே துறைமுகக் கட்டுப்பாட்டு அறையினரை வானொலியில் அழைத்து, ‘இயந்திரம் நின்றுவிட்டது, பாயில் வருகின்றோம்’ என்றேன். பின்னால் வந்த கார்ப் படகு வேகத்தைக் குறைத்துக்கொண்டது. ஓதம் ஏறிக்கொண்டிருந்தது எங்களுக்கு வாய்ப்பாயிற்று. நீரே எங்களை உள்ளே இழுத்தது. தென்மேற்குக் காற்று பின்னிருந்து தள்ளியது. நீர் வெளியே பாயும் வேளையாக இருந்திருப்பின் நாங்கள் நின்ற இடத்திலேயே பின்னோக்கிப் போயிருப்போம். ஏழெட்டு நிமிடங்களில் வாசலைத் தாண்டி, ஓர் ஓரமாக நங்கூரம் போட்டோம். பேத்தி அதுவரை உயிர்காப்பு அங்கியுடன் தன் உம்மாவின் மடியில் அசையாமல் இருந்தாள். நங்கூரம் பிடித்ததும், ‘இனிப் பேசலாமா?’ என்று கேட்டாள்.

அன்றிலிருந்து மருமகளுக்குப் படகின் மீது ஒரு மரியாதை. நெருங்காமல் தள்ளி நின்று செலுத்தும் மரியாதை. குறை சொல்ல மாட்டேன். அந்த அங்கிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீரில் விழுந்ததும் தானே காற்றடைத்துக்கொள்ளும் வகை அவை. உள்ளே ஒரு சிறு வாயுக் குப்பி இருக்கும். அது துருப்பிடித்திருக்கின்றதா, திருகு தளர்ந்திருக்கின்றதா என்று ஆண்டுதோறும் பார்க்கவேண்டும். அங்கியை அணிந்திருந்தாலே போதும் என்று நினைப்போர் பலர். குப்பி தளர்ந்த அங்கி வெறும் துணி. மீட்புப் படகுகளை நடத்தும் ஆர்.என்.எல்.ஐ. என்ற அறநிறுவனம் 1824-இல் தொடங்கப்பெற்று, இன்றளவும் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்களாலும் மக்களின் நன்கொடையாலும் நடைபெறுகின்றது. நள்ளிரவில் அழைப்பு வந்தால் கடைக்காரரும் ஆசிரியரும் படுக்கையிலிருந்து எழுந்து ஓடி வருகின்றனர். அதன் உண்டியல் கண்ட இடத்தில் எல்லாம் ஏதேனும் போடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

அஞ்சத்தக்கதை மட்டும் சொன்னால் நான் பொய்யனாவேன். ஏதேனும் ஓர் ஓடையின் வாயில் நங்கூரமிட்டு இரவு தங்கும்போது, நீர் படகின் பக்கத்தில் தட்டும் ஓசையைத் தவிர வேறு ஓசை இராது. அந்த அமைதிக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கின்றோம் போலும். அங்கும் வீட்டுக் கவலைகள் விடுவதில்லை. குடிநீர்த் தொட்டி சிறியது. ஒரு குவளை நீரில் ஒளூ செய்து முடிக்க என் மனைவி கற்றுக்கொண்டுவிட்டார். நங்கூரமிட்ட படகு ஓதத்துக்கும் காற்றுக்கும் ஏற்பச் சுற்றிக்கொண்டே இருப்பதால், தென்கிழக்குப் பக்கமாகத் தொழ நின்றவர் முடிப்பதற்குள் திசை மாறிவிடும். ‘இப்போது எந்தப் பக்கம்?’ என்று உள்ளிருந்து குரல் வரும். நான் திசைகாட்டியைப் பார்த்துச் சொல்வேன். நீர் வற்றிப் படகு சேற்றில் ஊன்றி நிற்கும் நேரம்தான் அவருக்குப் பிடித்தது. ‘தரையாவது தரையாக இருக்கின்றதே’ என்பார். படகுச் சங்கங்களில் மதுக்கூடம்தான் நடுக்கூடம். நான் தேநீர்க் கோப்பையுடன் அமர்ந்திருப்பேன். இத்தனை ஆண்டுகளில் எவரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. டீசல் வடிகட்டியைப் பற்றிப் பேசத் தெரிந்தால் போதும்.

எனக்குப் பாய் ஏற்றக் கற்றுக்கொடுத்த முதியவரைப் பற்றிக் குறிப்பிட்டேனல்லவா? ஓய்வு பெற்ற மரவேலை ஆசிரியர். அவரிடமும் இதே வகைப் படகு ஒன்று, எனக்கு அடுத்த இடத்தில் நின்றது. ஜாம் புட்டிகளில் திருகாணிகளை அளவு வாரியாகப் பிரித்து, ஒட்டுத்தாளில் எழுதி வைத்திருப்பார். எனக்கு எது வேண்டுமென்றாலும், ‘மூன்றாவது புட்டி’ என்று பார்க்காமலே சொல்வார். எண்பது வயதுக்கு மேல் அவரால் கடலுக்குப் போக இயலவில்லை. ஆயினும் ஒவ்வொரு மார்ச்சிலும் வந்து அடிப்பாகத்துக்குப் பூச்சுப் பூசினார். ஒரு வசந்தத்தில் அவர் வரவில்லை. பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில், இறுதிச் சடங்குக்கு வந்து போனார்கள். படகு நின்றது.

இங்கேதான் கண்ணாடியிழையின் குணத்தைச் சொல்லவேண்டும். பாட்டனாரின் தோணி வயதாகி உழைப்பு முடிந்ததும் பிரிக்கப்பட்டது. பலகை கதவாயிற்று, மிச்சம் விறகாயிற்று. கண்ணாடியிழை மட்குவதில்லை, உருக்கி மறுபடி வார்க்க இயலுவதில்லை, எரிக்கவும் ஆகாது. 1960-களிலும் 1970-களிலும் தொழிற்சாலைகளில் கார்களைப் போல வரிசையாகக் கட்டப்பட்ட படகுகளின் உடல் இன்னும் உறுதியாகவே இருக்கின்றது; வாங்கியவர்கள்தான் இல்லை. ஓடைகளின் சேற்றில் பெயர் அழிந்த படகுகள் கிடக்கின்றன. சிச்செஸ்டர் துறைமுகத்துச் சிப்பிகளிலும் மட்டிகளிலும் கண்ணாடியிழைத் துகள்கள் இருப்பதைப் பிரைட்டன், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்டனர். பிரான்சில் 2019 முதல் பழைய படகுகளைக் கட்டணமின்றிப் பிரித்தெடுக்கும் ஏற்பாடு உள்ளது; அதன் செலவைப் படகு கட்டுவோர் ஏற்கின்றனர்; கொண்டுவந்து சேர்க்கும் செலவு மட்டும் உரிமையாளருடையது. பிரிட்டனில் அத்தகைய நாடு தழுவிய ஏற்பாடு ஏதுமில்லை.

ஆசிரியரின் படகில் முதல் ஆண்டு கடற்புறாக்கள் குடியேறின. இரண்டாம் ஆண்டு தளம் முழுதும் பச்சை பிடித்தது. நிறுத்துமிடத்தின் வாடகை பாக்கி ஏறிக்கொண்டே போனது, அறிவிப்பு ஒட்டினார்கள், ஏலம் வைத்தார்கள், கேட்பாரில்லை. ஒரு நவம்பர் காலையில் மண் தோண்டும் இயந்திரம் ஒன்று வந்தது. பாய்மரத்தையும் இரும்பு அடிக்கட்டைகளையும் முன்னரே கழற்றியிருந்தனர். அதன் கைப்பிடி அளவு இரும்பு நகங்கள் தளத்தில் இறங்கியபோது கேட்ட ஓசையை நான் விவரிக்க விரும்பவில்லை. கால் மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை. பணியாளர் ஒருவர் உள்ளே கிடந்த பெட்டியை எடுத்துவந்து, ‘இவை உனக்கு உதவுமா?’ என்றார். ஜாம் புட்டிகள். ஒன்றும் உடையவில்லை.

எனக்கு இப்போது 67 வயது. வலது முழங்காலில் அறுவை நடந்திருக்கின்றது. சிறு தோணியிலிருந்து படகுக்குள் ஏறும்போது ஒரு கை பிடித்துவிட வேண்டியிருக்கின்றது. மனைவி, ‘இன்னும் எத்தனை வருடத்துக்கு?’ என்று கேட்கின்றார். கோபமாக அல்ல, கணக்குக் கேட்பதைப் போல. மகன் ரெடிங்கில் இருக்கின்றான், வேலை விடுவதில்லை. ‘விற்றுவிடுங்கள் வாப்பா, இப்போதே விற்றால்தான் யாராவது வாங்குவார்கள்’ என்கின்றான். சென்ற கோடையில் விளம்பரம் கொடுத்துப் பார்த்தேன். மூவர் வந்தனர். ஒருவர் இயந்திரத்தை மட்டும் விலை பேசினார். ஒருவர் அதில் குடியிருக்க எண்ணினார். மழை நாளில் உள்ளே அரை மணி நேரம் அமர்ந்துவிட்டு மனம் மாறிவிட்டார். மூன்றாமவர் இளைஞர்; கண்களில் ஆசை இருந்தது, பையில் பணம் இல்லை. ‘சும்மாவே எடுத்துக்கொள்’ என்று என் வாய்வரை வந்தது. ஆனால் ஆண்டு வாடகை எவ்வளவு என்று அவர் கேட்டார், சொன்னேன், நன்றி கூறிப் போய்விட்டார்.

சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ வாழும் நம்மவர்களில் எவரேனும் ஒரு பழைய படகை மலிவாகக் கண்டு வாங்க எண்ணினால், விலையைக் கேட்பதற்கு முன் நிறுத்துமிடத்தைக் கேளுங்கள். தட்டிப் பார்த்தால் ஓசை மாறும் இடங்களையும், உடலில் கொப்புளங்கள் உள்ளனவா என்பதையும் தேர்ந்த மேற்பார்வையாளரைக் கொண்டு பாருங்கள். பிறகு, வீட்டில் வேறு யாருக்கு இதில் விருப்பம் உண்டு என்றும் பாருங்கள். ஒருவருடைய விருப்பம் மட்டும் ஒரு படகுக்குப் போதாது.

எங்கள் வீட்டில் விருப்பம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்திருக்கின்றது. பேத்தி சென்ற ஆண்டு முதல் ஒரு குளத்தில் ‘ஆப்டிமிஸ்ட்’ ஓட்டக் கற்கின்றாள். 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கென 1947-இல் அமெரிக்காவில் வடிவமைக்கப்பட்ட, ஒரு குளியல் தொட்டியளவே தோன்றும் ஒற்றைப் பாய்ப் படகு அது. உம்மா அனுமதித்தது குளம் என்பதால்தான். துறைமுக வாசலில் நடந்தது அவளுக்கு நினைவிருக்கின்றதா என்று ஒரு நாள் கேட்டேன். ‘எல்லாரும் அமைதியாக இருந்தீர்களே, அது நினைவிருக்கின்றது’ என்றாள்.

அவள் பெரியவளாகும்வரை இந்தப் படகை என்னால் வைத்திருக்க இயலுமா என்பதற்கு என்னிடம் விடை இல்லை. மருமகளிடம் இன்னும் இதைப் பேசவில்லை. படகுத் துறையினர், இந்த ஆண்டு இறக்குவதா, கரையிலேயே வைத்து விற்பதா என்று பிப்ரவரி முடிவதற்குள் தெரிவிக்கச் சொல்லியிருக்கின்றனர். இறக்குவதற்கு ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் கேட்டு எழுதியிருக்கின்றேன். இன்ஷா அல்லாஹ், அதற்குள் துத்தநாகத் துண்டை மாற்றவேண்டும். கழிவறையின் வால்வொன்று இறுகிக் கிடக்கின்றது, அதையும் பார்க்கவேண்டும். அதற்குரிய திருகாணி மூன்றாவது புட்டியில் இருக்கின்றது.